மனச்சாட்சி என்னும் சாட்சி

களனி கங்கை கடலோடு கலக்கும் இடம் என்பதால் முகத்துவாரத்துக்கு அந்தப் பெயர். சிங்களத்தில் மோதர என்பர். காளி கோயில் மணியோசையும், மீன்பிடி வள்ளங்களின் இரைச்சலும், மாதா சுரூபத்தின் முன் எரியும் மெழுகுதிரியும் ஒரே கரையில் காணக் கிடைக்கும் பகுதி அது. அங்கிருந்து தெற்கே கொட்டாஞ்சேனை வழியாகக் கொச்சிக்கடை வரை நடந்தால், இலங்கையின் சமய வரலாற்றில் ஏறத்தாழ முந்நூற்றைம்பது ஆண்டுகளைக் கால்நடையாகவே கடந்துவிடலாம். முகத்துவாரத்தில் அங்கிலிக்கன் சபையின் பழைய கிறைஸ்ற் சேர்ச் பேராலயம்; கொட்டாஞ்சேனையில் தீபதுத்தாராம விகாரையும் புனித லூசியா பேராலயமும்; சற்று அப்பால் ஒல்லாந்தர் கட்டிய வுல்வெண்டால் தேவாலயம்; முடிவில் கொச்சிக்கடை அந்தோனியார் கோயில்.

இந்தக் கட்டிடங்களை இணைக்கும் கேள்வி ஒன்று உண்டு. மனிதன் எதை நம்புவது என்று தீர்மானிப்பவன் யார்? அவன்தான் என்றால், அவன் செய்வதற்கும் செய்யாமல் விடுவதற்கும் பதில் சொல்ல வேண்டியவனும் அவன்தானே? கிறிஸ்தவச் சிந்தனை இக்கேள்வியை எவ்வாறு எதிர்கொண்டது, இந்த மண்ணில் அதற்கு என்ன நேர்ந்தது என்பதே இன்றைய உரையின் பொருள்.

முதலில் ஒரு சொல்லை எடுத்துக்கொள்வோம். மனச்சாட்சி என்று நாம் அன்றாடம் சொல்கிறோம். இது மனமும் சாட்சியும் சேர்ந்த சொல். சாட்சி என்பது வழக்குமன்றத்துச் சொல். வெளியே யாரும் காணாத செயலுக்கும் உள்ளே ஒரு சாட்சி நின்றுகொண்டிருக்கிறது என்பது இதன் கருத்து. சாட்சி இருந்தால் வழக்கு இருக்க வேண்டும். வழக்கு இருந்தால் செய்தவன் ஒருவன் இருக்க வேண்டும். 'விதி செய்தது', 'பிசாசு செய்தது', 'மேலிடத்து உத்தரவு' என்று கைகழுவிவிட முடியாது என்பதை இந்த ஒரு சொல்லே உணர்த்திவிடுகிறது.

விவிலியத்தின் முதல் ஏடாகிய ஆதியாகமம் மனிதனின் கதையை இந்த இடத்திலிருந்தே தொடங்குகிறது. விலக்கப்பட்ட கனியைத் தின்றபின் மனிதன் மரங்களுக்கிடையில் ஒளிந்துகொள்கிறான். இறைவன் அவனைத் தேடிக் கேட்கும் முதற் கேள்வி, அவன் எங்கே இருக்கிறான் என்பது. எல்லாம் அறிந்தவருக்கு இடம் தெரியாமலா போகும்? பதில் சொல்ல அவனுக்கு ஒரு வாய்ப்பு அளிப்பதே அக்கேள்வி. அவனோ பழியைப் பெண்ணின் மேற் போடுகிறான்; பெண் அதைப் பாம்பின் மேற் போடுகிறாள். அடுத்த தலைமுறையில் காயீன் தம்பியைக் கொன்றுவிட்டு, தம்பிக்குக் காவல் நிற்பது என் வேலையா என்ற பொருளில் எதிர்க்கேள்வி கேட்கிறான். பொறுப்பைத் தட்டிக்கழிப்பதும் பாவத்தின் ஒரு பகுதி என்று அந்தப் பழங்கதை சொல்லாமற் சொல்கிறது.

இயேசு சொன்ன ஊதாரி மைந்தன் உவமையில் இதே கருத்தின் மறுபக்கம் தெரிகிறது. இளைய மகன் சொத்தைப் பிரித்துத் தரும்படி கேட்கிறான். தகப்பன் தடுக்கவில்லை, ஆளனுப்பி இழுத்து வரவும் இல்லை. மகன் எல்லாவற்றையும் தொலைத்து, பன்றி மேய்த்து, தானே உணர்ந்து, தானே எழுந்து நடந்து வருகிறான். போவதற்கு இருந்த சுதந்திரமே திரும்பி வருவதற்கும் பெருமானத்தைக் கொடுக்கிறது. கட்டி இழுத்து வந்திருந்தால் அது கதையே ஆகியிராது.

ஆயினும் கிறிஸ்தவ சபையின் வரலாறு எப்போதும் அந்தத் தகப்பனைப் போல நடந்துகொள்ளவில்லை. ஐந்தாம் நூற்றாண்டில் பெலாகியுசுக்கும் புனித அகுஸ்தீனாருக்கும் இடையே பெரும் வாதம் எழுந்தது. மனிதன் தன் முயற்சியாலேயே நன்மை செய்ய வல்லவன் என்றார் பெலாகியுஸ். இறையருள் இன்றேல் மனித சித்தம் எழுந்து நடக்க மாட்டாத நோயாளி என்றார் அகுஸ்தீனார். சபை அகுஸ்தீனாரின் பக்கம் நின்றது. எனினும் மனிதனுக்குச் சுயாதீன சித்தம் உண்டு என்பதை அவர் மறுக்கவில்லை. ஆனால், வட ஆபிரிக்காவில் பிரிந்து நின்ற தொனாத்தியரைத் திரும்ப அழைக்க அரச பலத்தைப் பயன்படுத்தலாம் என்ற முடிவுக்கும் அவர் பிற்காலத்தில் வந்தார். விருந்துக்கு வராதவர்களை வற்புறுத்தி அழைத்து வரச் சொன்ன உவமை அதற்கு ஆதாரமாகக் காட்டப்பட்டது. ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் நிகழ்ந்த கட்டாயங்களுக்கு அந்த உவமை துணைக்கழைக்கப்பட்டது. இதற்கு மாறாக, பதின்மூன்றாம் நூற்றாண்டில் தோமஸ் அக்குவைனாஸ், தவறாக அறிந்திருக்கும் மனச்சாட்சியும் ஒருவனைக் கட்டுப்படுத்தும் என்று வாதித்தார். அதுவரை நம்பாதவர்களை நம்பும்படி பலவந்தம் செய்யலாகாது என்றும் சொன்னார். முன்னர் ஏற்றுப் பின் விலகியோர் விடயத்தில் அவரும் பலவந்தத்தை அனுமதித்தார் என்பதை மறைக்க வேண்டியதில்லை.

இந்த இரு போக்குகளும் கப்பலேறி இலங்கைக்கு வந்தன. 1620களின் தொடக்கத்தில் போர்த்துக்கேயர் நல்லூர்க் கந்தசுவாமி கோயிலையும் திருக்கோணேஸ்வரத்தையும் இடித்தார்கள். அக்காலத்து யாழ்ப்பாணத்தைப் பற்றி ஒரு மரபுச் செய்தி உண்டு. அதிகாரியின் உணவுக்காக வீட்டுக்கொரு பசு கொடுக்க வேண்டுமென்ற கட்டளை வந்தது. தம் முறை வந்தபோது, பசுவைக் கொடுக்க மனம் ஒப்பாமல் திருநெல்வேலி ஞானப்பிரகாசர் இரவோடிரவாக ஊரை விட்டு இந்தியாவுக்குச் சென்றார். சிவஞானசித்தியாருக்கு உரை எழுதிய அதே ஞானப்பிரகாச முனிவர்தான் அவர். அந்தச் சைவரும் தம் உள்ளத்துச் சாட்சிக்குப் பதில் சொன்னவரே. மனச்சாட்சி எந்த ஒரு மதத்தின் தனிச்சொத்தும் அல்ல என்பதற்கு வேறு உதாரணம் வேண்டியதில்லை.

1656இல் கொழும்பையும் 1658இல் யாழ்ப்பாணத்தையும் ஒல்லாந்தர் கைப்பற்றினார்கள். அவர்கள் கல்வினிய சீர்திருத்த சபையைச் சேர்ந்தோர். வியப்பு என்னவென்றால், மனித சுதந்திரம் பற்றிய பெரும் வாதம் அவர்களுடைய சொந்த நாட்டிலேயே அதற்குச் சில தசாப்தங்களுக்கு முன்னர்தான் நடந்திருந்தது. இறையருளை மனிதன் மறுக்க முடியுமா, முடியாதா என்பது கேள்வி. மறுக்க முடியும் என்றனர் ஆர்மீனியுசின் வழிவந்தோர். 1618-1619இல் டோர்ட் நகரில் கூடிய மாநாடு அவர்களைக் கண்டித்தது. போதகர்கள் பலர் பதவியிழந்தனர். அவர்களுக்கு ஆதரவாக நின்ற சட்ட அறிஞர் ஹியூகோ குரோட்டியுஸ் சிறையிடப்பட்டு, 1621இல் புத்தகப் பெட்டிக்குள் ஒளிந்து தப்பினார். வாதத்தில் தோற்றவர் தம் சுதந்திரத்தையே இழக்க நேர்ந்தது. ஆயினும் பின்னாளில் அதே ஒல்லாந்து ஐரோப்பாவின் சகிப்புமிக்க நாடுகளில் ஒன்றாகப் பெயரெடுத்தது. அம்ஸ்ரடாமில் வீடுகளுக்குள் மறைவாக நடந்த கத்தோலிக்க வழிபாட்டை அதிகாரிகள் கண்டும் காணாமல் விட்டனர்.

கொழும்பில் அப்படி விடவில்லை. கத்தோலிக்கக் குருவானவருக்கு அடைக்கலம் கொடுப்போருக்கு மரண தண்டனை என்று 1658இல் கட்டளை பிறந்தது. போர்த்துக்கேயருடனான யுத்தம் அப்போதுதான் முடிந்திருந்தது. கத்தோலிக்கனை உளவாளியாகக் காணும் அரசியல் அச்சமும் அதில் இருந்தது. ஞானஸ்நானமும் விவாகமும் பாடசாலைத் தோம்பில் பதியப்பட்டன. தோம்பில் பெயரில்லாவிட்டால் விவாகம் செல்லுமா, பிள்ளைக்கு முதுசம் சேருமா என்ற கேள்வி எழும். முதலியார் உத்தியோகம் வேண்டுவோர் சீர்திருத்த சபையின் அங்கத்தவராக இருக்க வேண்டும். ஆகவே ஆயிரக்கணக்கானோர் பெயரைப் பதிந்தார்கள். ஞாயிறன்று தேவாலயம், வெள்ளியன்று கோயில் அல்லது விகாரை என்று வாழ்ந்தார்கள். வரலாற்றாசிரியர்கள் இவர்களை 'அரசாங்கக் கிறிஸ்தவர்' என்று குறிப்பிடுவர். 1796இல் ஒல்லாந்தர் ஆட்சி முடிந்து கட்டாயம் நீங்கியதும் அந்தப் பெருந்தொகை சில தசாப்தங்களுக்குள் கரைந்து போயிற்று. வுல்வெண்டாலில் 1749இல் தொடங்கி 1757இல் திறந்து வைக்கப்பட்ட தேவாலயம் நிலைத்து நிற்கிறது. தோம்பிற் பதிந்த விசுவாசம் நிலைக்கவில்லை. சுதந்திரமில்லாத இடத்தில் பதிவு இருக்கலாம், பற்று இருக்க முடியாது என்ற பாடத்தை ஒல்லாந்தர் தம் செலவிலேயே நமக்கு விட்டுச் சென்றார்கள்.

இதே காலத்தில் தோம்புக்கு வெளியே வேறொரு கதை நடந்தது. கோவாவிற் பிறந்த யோசேவாஸ் அடிகளார் 1687இல் கூலியாளின் கோலத்தில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். மறைந்து வாழ்ந்த கத்தோலிக்கரை இரவில் சந்தித்துப் பூசை வைத்தார். 1689ஆம் ஆண்டு நத்தார் இரவில் பூசைக்குக் கூடியிருந்தோரை ஒல்லாந்தர் சுற்றிவளைத்தனர். அவர்களுள் தொன் பேத்துரு என்பவர் முன்னர் ஒல்லாந்த சபைக்குச் சென்று பின் கத்தோலிக்கத்துக்குத் திரும்பியவர். அவர் கசையடியால் உயிர் துறந்தார். அடிகளார் தப்பிச் சென்று, புத்தளம் வழியாக 1692இல் கண்டியை அடைந்தபோது உளவாளி என்ற ஐயத்தில் சிறைப்பட்டார். உண்மையை அறிந்தபின் இரண்டாம் விமலதர்மசூரிய மன்னன் அவரை உலவவும் போதிக்கவும் விட்டான். 1697இல் கண்டியில் பெரியம்மை பரவியபோது, உறவினராலும் கைவிடப்பட்ட நோயாளரை அடிகளாரும் அவரது துணைவரும் சமயம் பாராமல் பராமரித்தார்கள். கிறிஸ்தவ ஆட்சியாளரால் விரட்டப்பட்ட கிறிஸ்தவக் குருவுக்குப் பௌத்த மன்னன் ஒருவனே சுதந்திரம் அளித்தான் என்பதை நாம் அழுத்திச் சொல்ல வேண்டும். அந்தச் சுதந்திரத்தை அடிகளார் எவ்வாறு பயன்படுத்தினார் என்பதற்கு அந்தப் பெரியம்மைக் காலமே சாட்சி.

அவருக்குப் பின் 1705இல் வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் தமிழிலும் சிங்களத்திலும் நூல்கள் எழுதினார். 1737இல் ஒல்லாந்தர் கொழும்பில் அச்சுக்கூடம் தொடங்கியிருந்தபோதிலும் கத்தோலிக்கருக்கு அது கிட்டவில்லை. அவருடைய நூல்கள் கையெழுத்துப் பிரதிகளாகவே ஊர் ஊராய்ப் பரவின. தவக்காலத்தில் நம்மவர் இராகத்தோடு வாசிக்கும் வியாகுலப் பிரசங்கம் அவர் தந்தது. தடை செய்யப்பட்ட ஒரு விசுவாசத்தை எழுத்தும் குரலும் காப்பாற்றின என்பது இலக்கிய நேயர்கள் மகிழத்தக்க செய்தி.

முகத்துவாரத்துக்கும் இதில் ஒரு பங்குண்டு. ஒல்லாந்தரால் துரத்தப்பட்ட அந்தோனியோ என்ற குருவானவர் இங்குள்ள மீனவரிடம் ஓடிவந்தார் என்றும், கடல் கரையை அரிப்பதை நிறுத்தும்படி வேண்டினால் காப்பாற்றுவதாக அவர்கள் சொன்னார்கள் என்றும், அவர் கடற்கரையில் சிலுவை நாட்டி மூன்று நாள் செபித்தபோது கடல் பின்வாங்கியது என்றும் கொச்சிக்கடைக் கோயிலின் தோற்றம் பற்றிய மரபுக் கதை கூறுகிறது. கடல் பின்வாங்கியது புதுமையா என்பதை நம்புவோரின் முடிவுக்கு விடுவோம். அடைக்கலம் கொடுப்போருக்கு மரணம் என்ற கட்டளை இருந்த நாட்டில் மீனவர் அடைக்கலம் கொடுத்தார்கள் என்று ஊர் நினைவில் வைத்திருக்கிறதே, அதுவே கவனிக்கத் தக்கது.

1806இல் ஆங்கிலத் தேசாதிபதி தோமஸ் மெயிட்லண்ட் கத்தோலிக்கருக்கு எதிரான ஒல்லாந்தச் சட்டங்களை நீக்கினார். வழிபாட்டுச் சுதந்திரமும் உத்தியோகத் தகுதியும் கிடைத்தன. சட்டத்தால் பெற்ற சுதந்திரம் மனத்தில் எப்படி வளர்ந்தது என்பது அடுத்த சோதனை.

கொழும்பின் முதலாவது அங்கிலிக்கன் ஆயர் ஜேம்ஸ் சப்மன் 1851இல் முகத்துவாரத்தில் சென் தோமஸ் கல்லூரியை நிறுவினார். அதன் வளவிலே எழுந்த பேராலயம் 1854இல் அபிஷேகம் செய்யப்பட்டது. 1918இல் கல்கிசைக்குப் பெயரும் வரை கல்லூரி இங்கேயே இயங்கியது. 1880ஐ ஒட்டிய ஆண்டுகளில் அங்கு தொன் டேவிட் ஹேவாவிதாரண என்ற பௌத்த மாணவன் பயின்றான். வெசாக் தினத்தன்று விடுமுறை கேட்டான்; கிடைக்கவில்லை. குடையையும் புத்தகங்களையும் எடுத்துக்கொண்டு வெளியேறினான். மறுநாள் பிரம்படி கிடைத்தது. அடுத்தடுத்த வெசாக் தினங்களிலும் அவன் வெளியேறினான், அடியும் வாங்கினான். பின்னாளில் அநகாரிக தர்மபாலா என்று உலகறிந்தவர் தம் இளமை நினைவுகளில் சொன்ன செய்தி இது. சுதந்திரத்தைப் போதித்த வேதம் அந்த வகுப்பறையில் இருந்தது. தண்டனையை ஏற்கும் பொறுப்போடு தன் மனச்சாட்சியின்படி நடந்தவனோ, அடி வாங்கிய மாணவன்.

இந்த இழுபறி வடக்கிலும் நிகழ்ந்தது. ஆனால் வேறு விதமாய் முடிந்தது. யாழ்ப்பாணத்தில் வெஸ்லியன் போதகர் பீற்றர் பேர்சிவல் விவிலியத்தைத் தமிழாக்க ஆறுமுகநாவலரின் உதவியைப் பெற்றார். நாவலர் சைவராகவே இருந்து அப்பணியைச் செய்தார். 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப் பாடசாலையைத் தொடங்கினார். ஒருவர் மற்றவரின் விசுவாசத்தை ஏற்காமலே இருவரும் ஒரே மேசையில் அமர்ந்திருக்க முடிந்தது. தமிழ் உரைநடைக்கு அதனால் விளைந்த நன்மை நாம் அறிந்ததே.

கொட்டாஞ்சேனைக்குத் திரும்புவோம். தீபதுத்தாராம விகாரையில் வாழ்ந்தவர் மிகெட்டுவத்தே குணானந்த தேரர். 1873இல் பாணந்துறையில் கிறிஸ்தவப் போதகர்களோடு வாதம் புரிந்து புகழ்பெற்றவர். 1883ஆம் ஆண்டு மார்ச் 25ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறு. அந்த விகாரையின் விழாவுக்காகப் பௌத்தர்களின் ஊர்வலம் ஒன்று வந்தது. புனித நாட்களில் அனுமதி வழங்குவதா, மறுப்பதா என்று அதிகாரிகள் முன்னரே தடுமாறியிருந்தனர். தங்கள் விசுவாசத்தை இழிவுபடுத்தும் உருவங்களை ஊர்வலத்தார் சுமந்து வருவதாகக் கத்தோலிக்கர் மத்தியில் வதந்தி பரவியது. கோயில் மணிகள் ஒலித்தன. கூட்டம் திரண்டு ஊர்வலத்தைத் தாக்கியது. ஒருவர் உயிரிழந்தார், இரு பக்கத்திலும் பலர் காயமுற்றனர்.

தாக்கியோர் யார்? சுமார் எழுபத்தேழு ஆண்டுகளுக்கு முன்வரை தம் வழிபாட்டுக்குச் சட்டப் பாதுகாப்பு இல்லாதிருந்தவர்களின் பேரப்பிள்ளைகள். தொன் பேத்துருவின் கதையை வழிவழியாகக் கேட்டவர்கள். சுதந்திரம் கிடைத்தபோது, அது மற்றவனுக்கும் உரியது என்பதை அவர்கள் மறந்தார்கள். குற்றம் சாட்டப்பட்டோர் போதிய சாட்சியம் இல்லையென்று தண்டனையின்றி விடப்பட்டனர். அவ்வளவு பேர் கூடிய தெருவில் சாட்சியே இல்லாமற் போயிற்று. நாம் முதலில் பார்த்த சொல்லை இங்கே நினைத்துக்கொள்ளுங்கள். வெளியே சாட்சி கிடைக்காத அன்றுதான் உள்ளிருக்கும் சாட்சி பேசியிருக்க வேண்டும். 'நான் செய்தேன்' என்று ஒருவர் முன்வந்ததாக வரலாறு பதிந்திருக்கவில்லை. கூட்டமாகச் செய்வதைத் தனித்தனியாக யாரும் செய்யவில்லை என்ற ஏமாற்று, ஆதாமின் காலத்துப் பழைய ஏமாற்றுத்தான்.

அந்தக் கலவரத்தின் பின் தொன் டேவிட்டைத் தந்தையார் கிறிஸ்தவப் பாடசாலையிலிருந்து நிறுத்திவிட்டார். நீதி கேட்டு கேணல் ஒல்கொட் 1884இல் லண்டன் சென்றார். 1885இல் வெசாக் பொது விடுமுறை தினமாயிற்று. முகத்துவாரத்தில் ஒரு மாணவன் பிரம்படி பட்டுக் கேட்டதை, ஒருவரைப் பலிகொடுத்த பிறகு நாடு முழுவதும் பெற்றது.

கத்தோலிக்க சபை தன் பழைய போக்கை முறையாகத் திருத்தியது 1965ஆம் ஆண்டு டிசம்பர் 7ஆம் திகதி. இரண்டாம் வத்திக்கான் சங்கம் சமய சுதந்திரம் பற்றிய பிரகடனத்தை அன்று வெளியிட்டது. எந்த மனிதனையும் தன் மனச்சாட்சிக்கு மாறாக நடக்கும்படி எந்த மனித அதிகாரமும் வற்புறுத்தலாகாது என்பது அதன் சாரம். இவ்வுரிமை மனித மாண்பிலேயே வேரூன்றியது என்றது. உண்மையைத் தேடும் கடமையை ஒவ்வொருவர் மேலும் வைத்தது. 1978ஆம் ஆண்டு இலங்கை அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரையும் சிந்தனை, மனச்சாட்சி, மதச் சுதந்திரத்தை ஒவ்வொருவருக்கும் உறுதி செய்கிறது.

எழுத்தில் உறுதி செய்தது போதுமா? 2019 ஏப்ரல் 21, மீண்டும் ஓர் உயிர்த்த ஞாயிறு. இம்முறை தாக்கப்பட்டோர் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் பூசை கண்டுகொண்டிருந்தவர்கள். அவ்வாண்டுத் துயரை நேயர்களுக்கு விபரிக்கத் தேவையில்லை. குண்டைக் கட்டிக்கொண்டு வந்தவர்களின் பொறுப்பு வெளிப்படை. மற்றொரு பொறுப்பும் இருந்தது. முன்கூட்டியே வந்த எச்சரிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டோரின் பொறுப்பு அது. 2023 ஜனவரி 12ஆம் திகதி உயர் நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு, முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனாவும் பாதுகாப்புக்குப் பொறுப்பாயிருந்த உயர் அதிகாரிகளும் அடிப்படை உரிமைகளை மீறினர் என்று கண்டது. பாதிக்கப்பட்டோருக்கு அவர்கள் தம் சொந்தப் பணத்திலிருந்து நட்டஈடு செலுத்த வேண்டுமென்றது. முன்னாள் ஜனாதிபதிக்கு விதித்த தொகை 10 கோடி ரூபாய்.

சொந்தப் பணத்திலிருந்து என்ற சொற்களை நான் பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு. பதவிக்குப் பின்னால் ஒளிந்திருந்தவனைப் பெயர் சொல்லி வெளியே அழைக்கும் சொற்கள் அவை. அந்தக் கோயிலில் பூசையின் தொடக்கத்தில் மக்கள் சேர்ந்து சொல்லும் பாவ அறிக்கையில், சிந்தனையாலும் சொல்லாலும் செயலாலும் இழைத்த பிழையோடு, செய்யத் தவறியதும் சேர்த்துச் சொல்லப்படுகிறது. எல்லாரும் ஒன்றாகச் சொன்னாலும் 'நாங்கள்' என்று அதில் அறிக்கையிடுவதில்லை. 'நான்' என்றே சொல்கிறார்கள். 1883இல் கொட்டாஞ்சேனைத் தெருவில் கேட்காமற் போன சொல் அதுதான்.

முகத்துவாரத்திலிருந்து கொச்சிக்கடை வரையுள்ள தெரு இன்றும் எல்லாச் சமயத்தவரும் நடக்கும் தெரு. செவ்வாய்க்கிழமைகளில் அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்த இந்துக்களும் பௌத்தர்களும் வருகிறார்கள். அவர்களை எந்தத் தோம்பும் அழைக்கவில்லை. எந்தக் கட்டளையும் துரத்தவில்லை. அவர்கள் அந்தப் படியில் கால் வைக்கும் சுதந்திரத்துக்கு அயலவர் ஒவ்வொருவரும் பொறுப்பு. அவர்களுடைய கோயிலுக்கும் விகாரைக்கும் பள்ளிவாசலுக்கும் நாமும் அவ்வாறே பொறுப்பு. தம்பிக்குக் காவல் நிற்பது யார் வேலை என்று காயீன் கேட்ட கேள்விக்கு நாம் வாய்ச்சொல்லால் விடை சொல்லித் தப்ப முடியாது, நேயர்களே. அடுத்த முறை அந்தத் தெருவில் ஒரு கூட்டம் திரளும்போது, அதிலிருந்து விலகி நின்று 'நான் கண்டேன்' என்று சொல்ல ஒருவர் இருப்பாரா என்பதில்தான் அந்த விடை இருக்கிறது.